முன்வரிசைச் சாமான்கள்

காலை ஆறரை மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மாமனார் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பூட்டவில்லை. பெற்ற பிள்ளைகள் புழங்கும் வீட்டில் அறையைப் பூட்டிக்கொண்டு போகும் பழக்கம் அவருக்கு இல்லை.

பூட்டியிருக்கலாம்.

இன்று அவருக்கு வலது கண்ணில் புரை எடுக்கிறார்கள். சாயங்காலமே திரும்பிவிடலாம். துணைக்கு மகன் போகிறான். மருமகளுக்குக் காலை ஷிஃப்ட். அவள் வேறோர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். ஆக, வீட்டில் பகல் முழுக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

இந்த ஒரு பகலுக்காகத்தான் ஒருத்தி காத்திருந்தாள். போன வாரம் அப்பாவின் அறை வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, "இதுக்கு ஒரு நாள் போதும், ஒரே நாள்" என்று சொல்லிவிட்டுப் போனாளே, அந்த மகள். மருமகளுக்கு நாத்தனார்.

நாத்தனாரின் தொழில் மற்றவர்கள் வீட்டைக் காலி செய்வது. திருட்டு இல்லை; வகுப்பு. வகுப்புக்கு 'மூச்சு விடும் வீடு' என்று பெயர். வேண்டாததைத் தூக்கிப் போட வேண்டும் என்பதை ஒன்றரை மணி நேரம் கண்கலங்கப் பேசுவாள். பேசி முடித்ததும், தூக்கிப் போட்டது போக மிச்சத்தை அடுக்கி வைக்க வெள்ளை பிளாஸ்டிக் பெட்டிகள் விற்பாள். அவள் வகுப்புக்குப் போய்வந்த வீடுகளில் சாமான் குறைந்ததோ இல்லையோ, பெட்டி கூடியிருக்கும்.

மருமகளின் வழிக்கு வகுப்பும் கிடையாது, பெயரும் கிடையாது. வாரம் ஒருநாள் வீட்டுக் குப்பைப் பையைத் தொங்கு தராசில் மாட்டி நிறுத்துப் பார்ப்பாள். போன வருஷம் ஒன்பது கிலோ. இப்போது மூன்றரை. கடைக்குப் போகும்போது டப்பாவைக் கையோடு எடுத்துப் போனாள். காய்கறித் தோலை வாளியில் காய்ந்த இலையோடு போட்டு மண்ணாக்கினாள். நைந்த துண்டுகளைச் சமையலறைத் துணிகளாக நறுக்கினாள். வீட்டில் இருப்பது தீராமல் அதே பொருளை மறுபடி வாங்குவதை நிறுத்தினாள். இதில் படம் பிடித்துக் காட்ட ஒன்றுமே இல்லை.

மாமனார் அறைக்கும் அதே வழிதான். முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். மனைவி போன பிறகு, கட்டில் போக மீதி அறை முழுக்க லிஃப்ட் பட்டன்கள், ஸ்பிரிங்குகள், மாடி எண் பலகைகள், திருகாணி நிறைந்த பிஸ்கட் டின்கள், பழைய பேப்பர் கட்டுகள். தினமும் அவர் குளிக்கப் போகும் நேரத்தில் மருமகள் அலமாரியிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்துத் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொள்வாள். ஸ்விட்ச் என்றால் ரேடியோ ரிப்பேர் கடைக்கு. ஸ்பிரிங் என்றால் தொழிற்பள்ளிக்கு. துருப்பிடித்தது என்றால் பழைய இரும்புக்காரரிடம். நாலு மாதமாக நடக்கிறது. மாமனார் கவனிக்கவில்லை. கண்ணில் புரை.

இந்த ரகசியம் அவள் கணவனுக்கு மட்டும் தெரியும். அவள் செய்த தப்பு அதுதான்.

பத்தே முக்காலுக்கு போன் வந்தபோது அவள் கிழிந்த படுக்கை விரிப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று ஒட்டு வரை கட்டிலுக்குத் திரும்பிப் போகும். நாலாவது ஒட்டு கேட்டால் நறுக்கித் துடைக்கும் துணியாக்கிவிட வேண்டும்.

"பிசியா?" என்றான் கணவன். அவன் குரல் இப்படிக் குழைந்தால் எதையோ செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"மாமாவுக்கு முடிஞ்சிடுச்சா?"

"உள்ளே கூட்டிட்டுப் போயிருக்காங்க. அது இல்லை. அக்கா வீட்டுல இருக்கா."

"எந்த வீட்டுல?"

"நம்ம வீட்டுல."

"உள்ளே எப்படிப் போனாங்க?"

"சாவி போட்டுத்தான்."

"சாவி குடுத்தீங்களா?"

"கேட்டா. அப்பாவுக்குக் கண்ணு தெளிஞ்சு வரும்போது ரூமும் தெளிஞ்சிருந்தா நல்லா இருக்கும்னா. எனக்கும் சரின்னுதான் பட்டுது. இப்ப யோசிச்சுப் பார்த்தா..."

"எப்பக் குடுத்தீங்க?"

"நேத்து."

"நேத்து குடுத்துட்டு இன்னிக்கு யோசிக்கறீங்க."

"நான் என்ன பண்ணட்டும்? அவ அக்கா."

அவன் நில அளவையாளன். அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொள்ளத் தயாராக நிற்கும் வயலில் இறங்கி, ஒரு விரல் பிசகாமல் எல்லைக் கல் நட்டுவிட்டு வருவான். அக்கா முன்னால் மட்டும் தன் இடம் எங்கே முடிகிறது, அவள் இடம் எங்கே தொடங்குகிறது என்று அவனுக்கு நாற்பத்திரண்டு வயதுவரை பிடிபடவில்லை.

"போனை வைங்க," என்றாள் மருமகள். "மாமாவையாவது பத்திரமாப் பார்த்துக்குங்க. வீட்டுச் சாவியை மாதிரி அவரையும் யாராவது கேட்டாங்கன்னு தூக்கிக் குடுத்துடாதீங்க."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பஸ் ஏறினாள்.

வாசலில் நாத்தனாரின் காருக்குப் பின்னால் ஒரு வேன் நின்றது. பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே பிஸ்கட் டின்களும் பேப்பர் கட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. வீட்டுக்குள் நுழைந்தால் முன்னறையிலேயே தூசி மூக்கில் ஏறியது. பதினைந்து வருஷமாகப் படிந்து அடங்கிக் கிடந்ததையெல்லாம் ஒரே காலையில் கிளப்பிவிட்டிருந்தாள் நாத்தனார்.

வெள்ளை உடை, வெள்ளைக் கையுறை, முகத்தில் வெள்ளை மாஸ்க். அறை நடுவே செல்போன் ஸ்டாண்டு. சுவரில் மூன்று அட்டைகளை ஒட்டியிருந்தாள்: 'வேண்டும்', 'யோசிக்கலாம்', 'போகலாம்'. 'வேண்டும்' அட்டைக்குக் கீழே ஒரு போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. 'யோசிக்கலாம்' என்பதற்குக் கீழே ஒன்றுமில்லை. யோசிப்பதற்கு அவளுக்கு எங்கே நேரம்?

"வா வா," என்றாள். "நல்ல நேரத்துக்கு வந்தே. முதல்ல இருந்த லட்சணத்தைப் படம் எடுத்தாச்சு. இப்ப மாறினப்புறம் எடுக்கணும். நீ கொஞ்சம் ஒதுங்கி நில்லு, அந்த யூனிஃபார்ம் படத்துல விழுது."

"வேன்ல ஏத்தினதை இறக்கச் சொல்லுங்க அண்ணி."

"ஒரு லோடு போயாச்சு. இது ரெண்டாவது."

"எங்கே போச்சு?"

"போக வேண்டிய இடத்துக்கு."

மருமகள் வெளியே வந்து வேன்காரரிடம் போனாள். ஐம்பது வயது மனிதர். படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, முதல் லோடை எங்கே இறக்கினீங்க?"

"குப்பைமேட்டுலதான்மா."

"இரும்பு, மரம், பேப்பர்னு பிரிச்சா?"

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிரிக்கறதா? கதவைத் திறந்தேன், காலால ஒரு தள்ளு தள்ளினேன். வந்துட்டேன்."

அவள் திரும்ப உள்ளே போனாள். "குப்பையைக் குறைங்கன்னுதானே அண்ணி நீங்க வகுப்புல சொல்றீங்க?"

"ஆமா. குறைஞ்சிருக்கே, பாரேன்."

"அங்கே கூடியிருக்கே."

"வாசலைத் தாண்டிட்டா அது என் பாடம் இல்லைம்மா," என்றாள் நாத்தனார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவள் நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். அதுதான் மருமகளுக்கு அருவருப்பாக இருந்தது. ஏமாற்றுக்காரி என்றாலாவது ஒரு சாமர்த்தியம் இருக்கும். இவளிடம் அதுகூட இல்லை.

"அப்பா வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"நன்றி சொல்லுவார். முதல்ல ரெண்டு நாள் முறுக்கிக்குவார், அப்புறம் சொல்லுவார். எல்லாரும் அப்படித்தான். நீ ஏன் பதறுறே? உனக்கும் லாபம்தானே? நீ தினம் தினம் எலி மாதிரி கொறிச்சுக்கிட்டு இருந்ததை நான் ஒரே வாய்ல முடிச்சுட்டேன்."

மருமகளின் கை தோளில் தொங்கிய சாப்பாட்டுப் பைக்குப் போயிற்று.

"என்ன முழிக்கறே? தம்பி எல்லாம் சொன்னான். நாலு மாசமா சாப்பாட்டுப் பையில ஒளிச்சு வச்சுக் கடத்திக்கிட்டு இருக்கியாமே. நானாவது பட்டப்பகல்ல வேன் வச்சு எடுக்கறேன். நீ கண்ணு தெரியாத மனுஷன் குளிக்கப் போற நேரம் பார்த்துத் திருடியிருக்கே. இதுல யாரு யோக்கியம்? சொல்லு கேப்போம்."

இவ்வளவு நேரமும் நாத்தனாரை இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே கண்ணால் மருமகள் தன்னையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பார்த்தது பிடிக்கவில்லை. நல்ல காரியத்துக்குத்தான், நல்ல இடத்துக்குத்தான் எல்லாம் போயிற்று. ஆனால் ஒருநாளும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று பயம். அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைப்பு. இரண்டாவது காரணம்தான் உண்மை.

பேசுவதற்கு வாய் வராதபோது கால் வந்தது. வெளியே போய் வேனுக்குள் ஏறி, டின்களுக்கு நடுவே ஒரு பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, இறக்குங்க."

"என்னை வரச் சொன்னது அவங்கம்மா."

"சரி. அப்ப வண்டியை எடுங்க. குப்பைமேட்டுல என்னையும் சேர்த்து ஒரு தள்ளு தள்ளிட்டு வாங்க."

செல்போனோடு பின்னாலேயே வந்துவிட்டிருந்த நாத்தனாரை வேன்காரர் பார்த்தார். நாத்தனார் செல்போனைப் பார்த்தாள். இந்தக் காட்சியை வகுப்புக்கு வரும் தன் ஜனங்களுக்குக் காட்ட முடியாது என்று புரிந்து அதை அணைத்தாள். "ட்ராமா," என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேன்காரர் பெருமூச்சு விட்டுவிட்டு முதல் டின்னை இறக்கினார். மருமகள் யூனிஃபார்ம் கையை மடித்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். இரண்டு மணிக்குள் பாதி அறை முற்றத்தில் வரிசையாக நின்றது. மீதிப் பாதி போனது போனதுதான்.

நாலு மணிக்கு மாமனார் வந்தார். வலது கண்ணின் மேல் வலைபோல் ஒரு மூடி ஒட்டியிருந்தார்கள். பின்னாலேயே கணவன், மருந்துப் பையைத் தன் உயிரைப் பிடித்திருப்பவன் போல இறுக்கிப் பிடித்தபடி.

மாமனார் முற்றத்துக் குவியலைப் பார்த்தார். ஒற்றைக் கண்ணால் பார்ப்பதால் முகத்தை முழுசாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே நடந்தார்.

"அப்பா!" நாத்தனார் கையைத் தட்டினாள். "கண்ணைத் திறந்ததும் முதல்ல பாக்கறது இதுவா இருக்கணும்னு நினைச்சேன். எப்படி இருக்கு?"

அறையில் கட்டில் இருந்தது. போர்வை இருந்தது. அலமாரி வெறுமையாக நின்றது. சன்னல் வெளிச்சத்தில் தூசி இன்னும் பறந்துகொண்டிருந்தது.

மாமனார் இருமினார். விடாமல் இருமினார். இருமும்போது ஒரு கையால் கண் மூடியைப் பொத்திக்கொண்டார்.

"பதினஞ்சு நாளைக்குத் தூசி படவே கூடாதுன்னு டாக்டர் சொன்னார்," என்றான் கணவன், தரையைப் பார்த்தபடி.

"சொன்னாரா? நேத்தே சொல்லியிருக்கணும்ல?" என்று தம்பியின் மேல் பாய்ந்தாள் நாத்தனார். "சரி, துடைச்சா போச்சு."

மருமகளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. நாத்தனார் சொல்லி அவர் தெரிந்துகொள்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும்.

"மாமா, நானும் எடுத்திருக்கேன். நாலு மாசமா, தினம் ஒண்ணு. உங்ககிட்டக் கேக்கவே இல்லை. தப்புதான்."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"புரை கண்ணுலதானே? கையில இல்லையே." மாமனார் வெறும் அலமாரியின் தட்டில் கையை வைத்தார். "எது எங்கே இருக்குன்னு என் கை சொல்லும். முதல் நாள் நீ எடுத்தது ஒரு பித்தளை பட்டன். அன்னிக்குக் கோபம் வந்துது. பையைப் பிடுங்கிப் பார்க்கலாமான்னுகூட நினைச்சேன். அப்புறம் ரிப்பேர் கடைக்காரன் தெருவுல பார்த்து, 'உங்க மருமக குடுத்த ஸ்விட்ச் ஒரு பழைய ரேடியோவைப் பேச வச்சுடுச்சு சார்'னான். சரின்னு வீட்டுக்கு வந்து, போனாப் போகட்டும்கறதையெல்லாம் முன்வரிசையில எடுத்து வச்சேன். தினம் நீ வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு வைப்பேன். நீயும் முன்வரிசையைத் தாண்டி ஒருநாளும் கையை விடலை."

மருமகளுக்கு முகம் சூடாயிற்று. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து அவள் பூனை நடை நடந்த நூற்றுச் சொச்சம் காலைகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன. குளியலறையில் அவர் வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகவே தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பாரோ?

"ஏன் மாமா சொல்லலை?"

"நீ சொன்னியா?"

"அப்ப அவ எடுத்தா சரி, நான் எடுத்தா தப்பா?" என்றாள் நாத்தனார். குரல் கிறீச்சிட்டது.

"அவ எடுத்தப்ப நானும் கூட இருந்தேன்," என்றார் மாமனார்.

திட்டியிருந்தால் நாத்தனாருக்குப் பதில் தெரியும். அழுதிருந்தால் அதற்கும் வகுப்பில் ஒரு பாடம் வைத்திருந்தாள். இதற்கு அவளிடம் அட்டை இல்லை.

மாமனார் மறுபடி இருமினார். பிறகு, ஏதோ நல்ல யோசனை தோன்றியவர்போல மகள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"உன் வீட்டுல ஒரு ரூம் காலியாவே இருக்குன்னியே?"

"அதுவா... அது தியானம் பண்ற ரூம்ப்பா."

"தூசி இருக்காதே?"

"எங்க வீட்டுல தூசியே கிடையாது," என்றாள் பெருமையாக. சொன்ன பிறகுதான் எங்கே கால் வைத்தோம் என்று தெரிந்தது.

"அப்பச் சரி. பதினஞ்சு நாள் அங்கே இருந்துக்கறேன். இந்த ரூம் அடங்கட்டும்."

நாத்தனார் மாஸ்க்கைக் கீழே இழுத்தாள்.

"அப்பா, கட்டில் இல்லையே. நாங்க தரையிலதான்..."

"குனிஞ்சு எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஒண்ணு வாங்கிடேன்."

"நாளைக்குக் காலையில வகுப்பு இருக்கு. பத்துப் பேர் வருவாங்க."

"வரட்டுமே. நான் ஓரமா இருக்கேன்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். "டேய், நீ சொல்லேன்டா."

தம்பி மருந்துப் பையைப் பார்த்தான். அப்பாவின் கண் மூடியைப் பார்த்தான். பிறகு பையை அக்காவின் கையில் கொடுத்தான். "ஆறு வேளை சொட்டு மருந்து. எழுதி உள்ளே வச்சிருக்கு," என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அவனைக் கட்டிக்கொண்ட பதினாறு வருஷத்தில் மருமகள் கேட்ட நீளமான எதிர்ப்பு அதுதான்.

மாமனார் துணி எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பையோடு நேராகப் போய் மகளின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நாத்தனார் ஸ்டாண்டை மடித்து, கையுறையைக் கழற்றி, அட்டைகளை உரித்து என்று நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

மருமகள் கார் சன்னல் அருகே குனிந்தாள். "நான் ரூமைக் கழுவிச் சுத்தம் பண்ணிடறேன் மாமா. நாளைக்கு ட்யூட்டி முடிஞ்சதும் நேரா வந்து கூட்டிட்டு வந்துடறேன்."

"நீ வராதே."

"மாமா..."

"அவளே கொண்டு வந்து விடுவா. எத்தனை நாள்ல விடறான்னு எனக்குத் தெரியணும்." அவர் குரலில் கோபம் இல்லை. வேலை நேரத்தில் இப்படித்தான் பேசியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. "வெறும் லிஃப்ட் அழகா மேலேயும் கீழேயும் போகும்மா. ஆளை ஏத்திப் பார்த்தாத்தான் தாங்குமா தாங்காதான்னு தெரியும்."

கார் தெருமுனை திரும்பும் வரை நாத்தனார் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கணவன் வாளியும் துணியுமாக வந்து நின்றான். "நான் ஆரம்பிக்கட்டுமா?"

"முதல்ல மேலேயிருந்து துடைங்க. ஈரத் துணியால. பெருக்காதீங்க."

அவன் ஸ்டூலில் ஏறி, சொன்னபடி செய்தான். கொஞ்ச நேரம் கழித்து, "கோபமா?" என்று கேட்டான்.

"இல்லை. இனிமே உங்ககிட்ட எதையும் சொல்றதா இல்லை. அவ்வளவுதான்."

அவன் அடுத்த தட்டுக்குப் போனான்.

ஐந்தே காலுக்கு அவன் போன் அடித்தது. திரையில் 'அக்கா'. அவன் ஈரக் கையோடு ஸ்பீக்கரை அமுக்கினான்.

"டேய், அப்பா உட்காரணும்ங்கறார்." நாத்தனாரின் குரல் பெரிய காலி அறையில் எதிரொலித்தது. "முதுகு சாய்ச்சு உட்காரணுமாம். இங்கே அந்த மாதிரி ஒண்ணுமே இல்லைடா. என்ன பண்றது?"

கணவன் மனைவியைப் பார்த்தான்.

"அண்ணி," என்றாள் மருமகள். "அடுத்த சொட்டு அஞ்சரைக்கு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் போடுங்க. அவரைப் படுக்க வச்சுத்தான் போடணும்."

"எங்கே படுக்க வைக்கறது?"

அதற்கு இவள் வாயைத் திறப்பதற்குள் போனில் தூரத்திலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. சுவர்கள் மட்டுமே உள்ள அறையில் அது யாரோ தெரியாதவர் குரல்போல ஒலித்தது.

"யாரு, மருமகளா? நான் நல்லாத்தான் நிக்கறேன்னு சொல்லு."

மருமகள் வாசலுக்கு வந்து செருப்பில் ஒரு காலை நுழைத்தாள். வராதே என்று அவர் சொல்லியிருந்தார். ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் தரையிலுமாக அவள் அங்கேயே நின்றாள்.